புடவைக்குப் பின்னால் வந்த பெயர்

போன வாரம் ஒரு காலையில் இரத்த அழுத்த மாத்திரை கை நழுவிக் கட்டிலுக்கு அடியில் உருண்டுவிட்டது. கைபேசியில் வெளிச்சம் அடித்துத் தேடலாம் என்று, பேரன் ஏற்றிக் கொடுத்திருந்த டார்ச் செயலியைத் தொட்டேன். வெளிச்சம் வரவில்லை. ஒரு பெண் வந்தாள். தனிநபர் கடன் வேண்டுமா என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். திரையின் மூலையில் ஐந்து, நான்கு, மூன்று என்று எண் இறங்கிக்கொண்டிருந்தது. நான் தரையில் முழங்கால் ஊன்றி, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, அவள் முடிப்பதற்காகக் காத்திருந்தேன். பெருமாள் சந்நிதியில்கூட இந்த முழங்காலை வைத்துக்கொண்டு நான் இவ்வளவு பணிவாக நின்றது கிடையாது.

“இன்னும் அங்க என்னங்க பண்றீங்க?” என்று சமையலறையிலிருந்து கேட்டாள் என் மனைவி வைதேகி.

“விளம்பரம் ஓடுது. முடிஞ்சாத்தான் வெளிச்சமாம்.”

“அதுக்குள்ள மாத்திரைய எறும்பு இழுத்துக்கிட்டுப் போயிடும்.”

எங்கள் வீட்டில் இப்போது எதுவும் சும்மா வேலை செய்வதில்லை. தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் ஒன்று சுவரில் தொங்குகிறது. உள்ளே வடிகட்டி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கம்பெனி வைத்த கெடு முடிந்ததும் சிவப்பு விளக்கு எரிந்து குழாய் அடைத்துக்கொள்ளும். அவர்கள் ஆள் வந்து அவர்கள் வடிகட்டியையே மாட்டினால்தான் திறக்கும். தண்ணீர் இருக்கிறது, குழாய் இருக்கிறது, தாகமும் இருக்கிறது, உத்தரவு இல்லை. வைதேகி காலையில் கைபேசியில் பாசுரம் கேட்பாள். ஆழ்வார் உருகிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒருவன் வந்து குளியலறை டைல்ஸ் விற்பான். “இவனத் தாண்டித்தான் பெருமாள்கிட்ட போவணும்போல” என்பாள். அவளுக்குக் கோபமே வருவதில்லை. எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே இரண்டு முறை எழுந்து நடந்துவிட்டு வந்தேன். மூன்றாம் முறை எழுந்தது, செங்கல்பட்டுப் பக்கம் எனக்காகவே ஒதுக்கி வைத்திருக்கிற மனையைப் பற்றிச் செய்தி வந்ததால்.

ஆனால் திட்டுவதற்கு எனக்கு வாய் இல்லை. அதைத்தான் உங்களிடம் சொல்ல உட்கார்ந்தேன்.

கட்டிலுக்கு அடியில் தலையை நீட்டியபோது, சூடேறிய கைபேசியும் அங்கே படிந்திருந்த தூசியும் சேர்ந்து ஒரு வாசனை வந்தது. அது ஏழுமலையின் ஆம்ப்ளிஃபயர் வாசனை. மைக்செட் ஏழுமலை என்றால் அப்போது சின்ன காஞ்சிபுரத்தில் தெரியாதவர் கிடையாது. கல்யாணம், காது குத்து, கட்சிக் கூட்டம், கோயில் உற்சவம் எல்லாவற்றுக்கும் அவன்தான் ஒலிபெருக்கிக் குழாய் கட்டுவான். அவனுடைய பெட்டி சூடேறினால் வால்வுகளின் மேல் இருக்கும் தூசி லேசாகக் கருகும். எனக்கு அது திருவிழா வாசனை, சாம்பிராணியெல்லாம் அப்புறம்தான்.

நான் எம்.ஏ. முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் ஒரு பட்டு ஜவுளிக் கடையில் சேர்ந்திருந்தேன். கடிதம் எழுதுவது, சினிமாக் கொட்டகை விளம்பர ஸ்லைடுக்கு வாசகம் எழுதுவது, இதுதான் வேலை. வைகாசி கருட சேவையன்று கோயில் வாசலில், காணாமல் போனவர்களை அறிவிக்கும் பந்தலுக்கு எங்கள் கடைதான் மைக் ஏற்பாடு. முதலாளி என்னை அனுப்பினார். “ஊரே காத நீட்டிக்கினு நிக்கும். நம்ம பேரு அதுல வுழணும், புரியுதா?” என்றார்.

எனக்கு நன்றாகவே புரிந்தது. முதலில் நான் குழந்தையின் பெயரைச் சொல்லிவிட்டுப் பிறகு கடையைப் பற்றிச் சொன்னேன். பெயர் தெரிந்ததும் ஜனங்கள் காதை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். படித்தவன் இல்லையா, யோசித்தேன். வரிசையை மாற்றினேன். முதலில் புடவை, பிறகு குழந்தை. “முகூர்த்தப் பட்டுக்கு முதலிடம்! முந்தானை மின்ன, மூன்று தலைமுறை மெச்ச...” என்று தொடங்கி, கடைப் பெயரை இரண்டு தடவை சொல்லி, அதற்கும் பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு, “இதனால் அறிவிப்பது என்னவென்றால்...” யாருக்குக் குழந்தையைக் காணோமோ அவர்கள் புடவையைக் கேட்டே ஆக வேண்டும். இன்று கைபேசிக்காரன் செய்கிற வேலையை, எந்த இயந்திரமும் இல்லாமல் ஒரு மூங்கில் பந்தலுக்குள் உட்கார்ந்து நான் செய்தேன்.

ஏழுமலை தொடையில் தட்டிச் சிரித்தான். “வாத்யாரே, நீ ஆளு பெரிய கில்லாடிபா!” என்றான். எதிரே மோர்ப் பந்தலில் நின்றிருந்த தறிக்காரர் ஒருவர் மட்டும், “நாங்க நெஞ்ச பொடவய எங்களுக்கே விக்கிறியா? பேஷ்” என்றுவிட்டு மோரைக் குடித்தார்.

அன்று கருடன் மேல் பெருமாள் கோபுரவாசல் தரிசனம் கொடுத்துவிட்டுப் பெரிய காஞ்சிபுரம் பக்கம் போன பிறகு ஒரு சின்னப் பெண்ணைப் பந்தலில் கொண்டுவந்து விட்டார்கள். பச்சைப் பாவாடை. கையில் பாதி தின்ற வெள்ளரிப் பிஞ்சு. பெயர் அலமேலு, ஊர் மாகறல். தொலைந்துபோன குழந்தையா நீ என்று கேட்டதற்கு, “நா ஒண்ணும் தொலையல. எங்கம்மாதான் தொலஞ்சிப்போச்சி” என்றாள். ஏழுமலை அவளைத் தன் பெட்டிக்குப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டான்.

நான் அறிவித்தேன். முகூர்த்தப் பட்டு, முந்தானை, பிறகு அலமேலு. யாரும் வரவில்லை. மறுபடியும் அறிவித்தேன். வெயில் ஏறியது. பெருமாள் திரும்பி வருகிற நேரமும் ஆகிவிட்டது. அலமேலு தூங்கிவிட்டாள்.

ஒருவழியாகத் தாய் வந்தபோது அவளை இரண்டு பெண்கள் தாங்கிப் பிடித்திருந்தார்கள். குளத்தங்கரையில் உட்கார்ந்திருந்தவளை அவர்களாகக் கேட்டு அழைத்து வந்திருக்கிறார்கள். பெண்ணை வாரி அணைத்தாள், முதுகில் ஓர் அறையும் வைத்தாள். நான் ஏதோ பெரிய மனிதன் போல, “இவ்ளோ நேரம் கூப்பிட்டோமேம்மா, காதுல விழலையா?” என்று கேட்டேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“வுழுந்துது. நல்லா வுழுந்துது. பொடவ விக்கிறான்னு அந்தாண்ட பூட்டேன். கொளத்துத் தண்ணியவே பாத்துக்கினு உக்காந்திருந்தேன்பா, எப்ப மெதக்குமோன்னு. எம்பொண்ணு பேரு பொடவைக்குப் பின்னால வருதுன்னு எனக்கு இன்னாபா தெரியும்?”

ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டு ஒயரைச் சுற்ற ஆரம்பித்தான். அடுத்த வருஷம் பந்தலில் என்ன செய்தேன் என்று நீங்கள் கேட்பீர்கள். அதே வரிசையில்தான் சொன்னேன். முதலாளி சந்தோஷப்பட்டார், எனக்குச் சம்பளம் கூடியது. ஓய்வு பெறும்வரை அந்தக் கடையில்தான் இருந்தேன். புடவை தறியிலிருந்து இறங்கியதும் சொல்கிறோம் என்று வாடிக்கையாளர்களிடம் வாங்கி வைத்த எண்களுக்கெல்லாம், ஆடித் தள்ளுபடி என்று கைபேசியில் செய்தி அனுப்பத் தொடங்கியவனும் நான்தான்.

இப்போது அந்தக் கூச்சல் என்மேல் திரும்பியிருக்கிறது. தெரியாத எண் என்றால் பார்த்ததும் துண்டித்துவிடுவேன். இரண்டு மாதம் முன்பு ஓர் எண் விடாமல் அடித்தது. எரிச்சலில் எடுத்தேன். “ஹலோ... ஹலோ...” என்று இழுத்து இழுத்து ஒரு குரல். அவ்வளவுதான் கேட்டேன். “எனக்குக் கடனும் வேணாம், மனையும் வேணாம், வைய்யா போன!” என்று கத்திவிட்டு அந்த எண்ணையே முடக்கிவிட்டேன். அன்று முழுவதும் எனக்கு ஒரு வெற்றிக் களிப்பு. வைதேகியிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

வீட்டில் கிடந்த பழைய கை டார்ச்சைப் பழுது பார்க்க முடியுமா என்று கேட்க, போன வாரம் சந்நிதித் தெரு மின்சாமான் கடைக்குப் போனேன். கடைக்காரர் பேச்சுவாக்கில் சொன்னார். “நம்ம மைக்செட் ஏழுமல வாலாஜாபாத்ல பொண்ணு வூட்ல படுத்துக்கினு கீறாராம் சார். ஒங்களுக்குப் போன் போட்டாராமே?”

இழுத்து இழுத்து வந்த அந்த ‘ஹலோ’ அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கடை வாசலிலேயே நின்று, அன்று முடக்கிய எண்ணைத் தேடி, முடக்கத்தை நீக்கி, அழைத்தேன். மணி அடிக்கவில்லை. ஒரு பாட்டு, பிறகு ஒரு குரல்: இந்தப் பாட்டு உங்களுக்கும் வேண்டுமா, இன்ன பொத்தானை அழுத்துங்கள். ஏழுமலையிடம் போவதற்கு முன் அதை முழுவதும் கேட்டேன். கேட்காமல் அவனிடம் போக வழியில்லை.

அவன் மகள் செல்வி எடுத்தாள். “அப்பாதான் மாமா அன்னிக்கிப் பேசினாரு. நீங்க வெச்சிட்டீங்க. வாத்யாரு நல்ல சூட்ல கீறாரு, அப்பறம் பேசிக்கறேன்னு சிரிச்சாரு. மூணா நாளு வாதம் வந்து பேச்சு நின்னுபோச்சி.”

“என்னம்மா சொல்லணும்னு கூப்பிட்டான்?”

“என்கிட்ட சொல்லல மாமா. வாத்யார் கிட்டதான் சொல்லணும்னாரு.”

போய்ப் பார்த்தேன். என்னைத் தெரிந்துகொண்டான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு, நான்தான் கத்தினேன், விளம்பரம் என்று நினைத்துவிட்டேன் என்றேன். குளத்தங்கரையிலிருந்து வந்த அந்தப் பெண் சொன்னதையே சொல்கிறேன் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. அவன் வாய் ஒரு பக்கமாகக் கோணி அசைந்தது. பிறகு, கைபேசி வைத்திருந்த என் சட்டைப்பையின் மேல் விரல் நகத்தால் இரண்டு தட்டுத் தட்டினான், மைக் சோதிக்கிறபோது தட்டுவது மாதிரி. நான் குனிந்து காதை அவன் வாயருகே வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

ஒரு காலத்தில் எங்கள் தெருவுக்கே ஒரு தொலைபேசிதான். அது அடித்தால் இட்லி வார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட அப்படியே ஓடுவார்கள். அடிக்கிறது என்றால் யாரோ நம்மைத் தேடுகிறார்கள் என்று அர்த்தம். திருவிழாவில் குழாயில் ஒரு குரல் வந்தால் பத்தாயிரம் பேர் பேச்சை நிறுத்துவார்கள், யார் வீட்டுப் பெயரோ என்று. அந்த நிசப்தம் இப்போது எந்தத் திருவிழாவிலும் இல்லை. அதைத் தின்றவர்களில் நானும் ஒருவன்.

இப்போதெல்லாம் எந்த எண் வந்தாலும் எடுக்கிறேன். நேற்று ஒரு பெண் கடன் அட்டை பற்றிச் சொன்னாள். நடுவில் நான் ஒன்றும் பேசவில்லை.

“சார், லைன்ல இருக்கீங்களா?” என்றாள். அவள் சொல்வதைக் கடைசிவரை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது.

“இருக்கேம்மா. முழுசாச் சொல்லு” என்றேன்.

முழுவதும் சொன்னாள். அதற்குப் பின்னால் பெயர் எதுவும் வரவில்லை.