சியாமளா டீச்சருக்குக் கொடுத்த மாத்திரைகள்

லோஹேகாவ் விமானப்படைத் தளத்துக் குடும்பங்களில் சியாமளா டீச்சரிடம் கணக்குப் படிக்காத பிள்ளைகள் குறைவு. பத்தாம் வகுப்புக் கணக்கைப் புத்தகம் திறக்காமலே நடத்துவாள். ஓய்வு வயது தாண்டியும் பள்ளிக்கூடம் அவளை விடவில்லை.

அவள் படும் பாடு கணவர் பாலசுப்ரமணியனுக்கே வெகுநாள் தெரியாது. சிறுநீர் முட்டினால் அந்த நிமிஷமே போயாக வேண்டும். கதவைத் திறப்பதற்குள் நனைந்துவிடும். பஸ்ஸில் ஏறுவதை விட்டாள், கல்யாணங்களுக்குப் போவதை விட்டாள், பள்ளியில் தண்ணீர் குடிப்பதையே விட்டாள். ஒருநாள் தேர்வு அறையில், மாற்று ஆள் வருவதற்குள் புடவை நனைந்துபோயிற்று. கடைசிப் பிள்ளை வெளியேறும்வரை நாற்காலியை விட்டு எழவில்லை. அன்றுதான் கணவரிடம் சொல்லி அழுதாள்.

அவர் கூட்டிப்போய்க் காட்டிய டாக்டர், மூத்திரப்பை வேண்டாத நேரத்தில் சுருங்குகிறது, மாத்திரையில் அடங்கிவிடும் என்றார். அடங்கவும் செய்தது. வாய் மட்டும் எந்நேரமும் வறண்டு கிடந்தது. அரிப்புக்கு ஒன்று, தூக்கத்துக்கு ஒன்று என்று ஏற்கெனவே இரண்டு மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தாள். டாக்டர் அதைக் கேட்கவில்லை, அவளுக்கும் சொல்லத் தோன்றவில்லை.

சில மாதம் கழித்து, போர்டில் ஒரு கணக்கைப் பாதி போட்டவள் அப்படியே நின்றுவிட்டாள். அடுத்த வரி வரவில்லை. பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள், பிறகு பயந்தார்கள். பள்ளி அவளை மரியாதையாகவே அனுப்பிவைத்தது.

மறதிக்கென்று பார்த்த இன்னொரு டாக்டர், மறதி நோயின் ஆரம்பம் என்று சொல்லி அதற்கொரு மாத்திரை கொடுத்தார். அது மூத்திரப்பையைக் கிளப்பிவிட்டது. மறுபடி நனைகிறது என்றதும் முதல் டாக்டர் தன் மாத்திரையின் அளவைக் கூட்டினார். அதன்பின் சியாமளாவுக்குக் கிழமை தெரியவில்லை, சமையலறைக்கு வழி தெரியவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் பாலசுப்ரமணியன் மாரடைப்பில் போனார். காரியமெல்லாம் முடிந்த பிறகும் மகள் பார்கவியிடம், "அப்பா இன்னும் வாக்கிங் முடிச்சு வரலையா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பார்கவி அவளை ஊரின் இன்னொரு கோடியில், கோந்த்வாவில் இருந்த தன் ஃப்ளாட்டுக்கே கூட்டிவந்துவிட்டாள்.

அங்கே காய்ச்சலுக்காகப் போனபோதுதான் டாக்டர் மும்தாஜ், வீட்டிலிருக்கும் மருந்தையெல்லாம் பையோடு கொண்டுவரச் சொன்னார். மேஜையில் கொட்டிப் பார்த்துவிட்டு, மூத்திரப்பைக்கு, அரிப்புக்கு, தூக்கத்துக்கு என்றிருந்த மூன்று அட்டைகளைத் தனியே எடுத்து வைத்தார்.

"இவங்க வயசுக்கு இது ஒவ்வொண்ணுமே மூளையை மந்தமாக்கும். மூணும் சேர்ந்திருக்கு. மறதி நோயான்னு இதையெல்லாம் நிறுத்திப் பார்த்துட்டுத்தான் சொல்ல முடியும்," என்றார் ஹிந்தியில்.

பார்கவி அட்டைகளைக் கையிலெடுத்தாள். "அப்போ இத்தனை நாளும்?"

மும்தாஜ் எதை எப்படிக் குறைப்பதென்று சீட்டில் எழுத ஆரம்பித்தார்.

அந்த மூன்றையும் மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்தினார்கள். மறதி மாத்திரையும் நின்றது. பனி விலகுவதுபோல் சியாமளாவின் புத்தி திரும்பியது. முதலில் கிழமை வந்தது, பிறகு பேப்பர் படிக்க வந்தது. ஒரு மத்தியானம், கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"பார்கவி, அப்பா போயிட்டாரோல்லியோ?"

"ஆமாம்மா."

"நான் பக்கத்துல இருந்தேனா?"

பார்கவி பொய் சொல்ல நினைத்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. "இருந்தே. ஆஸ்பத்திரியில உன் கையைப் பிடிச்சுண்டிருந்தார். பாத்ரூம் போகணும்னு உதறிட்டு எழுந்து போனே. நீ திரும்பி வரதுக்குள்ள..."

சியாமளா அன்றுதான் கணவருக்காக அழுதாள். ஊரும் உறவும் எப்போதோ அழுது ஓய்ந்திருந்தார்கள். உட்கார்ந்து துக்கம் கேட்க ஒருவரும் வரவில்லை.

மூளையை அதிகம் தொடாத வேறு மாத்திரை இப்போது சாப்பிடுகிறாள், நனைவது முழுசாக நிற்கவில்லை. வெளியே போனால் ஈரத்தை உறிஞ்சும் பேட் வைத்துக்கொள்கிறாள். அளவைக் கூட்டலாமா என்று பார்கவி ஒருமுறை கேட்டபோது, "நனைஞ்சா மாத்திக்கறேன். எனக்கு நினைவு இருக்கணும்," என்று சொல்லிவிட்டுப் புடவை மாற்றப் போனாள்.