ஆறிப்போச்சு என்று வந்த புகார்

அலுவலகத்தில் அவருக்கு ஏன்சாமி என்று பெயர். வீட்டில் வைத்த பெயர் வேறு; அது சம்பளச் சீட்டில் மட்டும்தான் பிழைத்துக் கிடந்தது. லிஃப்ட் நின்றுபோனால் மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே படியேறுவார்கள். இவர் ஏன் நின்றது, எப்படி நின்றது என்று காவலாளியைக் குடைந்துவிட்டுத்தான் முதல் படியில் கால் வைப்பார்.

அவர் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவர்தான். புராடக்ட் மேனேஜர் வேலை கிடைத்த அன்று அப்பா உட்காரவைத்து விசாரித்தார்.

"பொருளை நீ செய்வியா?"

"இல்லப்பா, அதை இன்ஜினியருங்க செய்வாங்க."

"விக்கறது?"

"அதுக்கு வேற ஆளுங்க இருக்காங்க."

"அப்ப உனக்கு எதுக்குடா சம்பளம்?"

"எதைச் செய்யணும், எதைச் செய்யக் கூடாதுன்னு சொல்றதுக்குப்பா."

அப்பா தாடையைத் தடவிக்கொண்டார். "உங்கம்மா அதைச் சம்பளம் வாங்காமயே செய்யறா."

படுக்கையில் கிடப்பவர்களின் வீட்டுக்கே நர்ஸையும் பிசியோதெரபிஸ்டையும் அனுப்பிவைக்கும் செயலி ஒன்று ஏன்சாமியின் பொறுப்பில் இருந்தது. அதில் ஒரு மைக் பொத்தான் உண்டு. எழுதச் சிரமப்படுபவர்கள் அதை அழுத்திக் குறை நிறையை வாயால் சொல்லலாம். ஆனால் சொல்பவர்கள் குறைவு. வந்த பதிவுகளில் பாதிக்கு மேல் ஒன்றுமே இல்லாதவை. அடுத்த பதிப்பில் பொத்தானையும், பழைய பதிவுகளையும் சேர்த்துத் தூக்கிவிடலாம் என்று ஏன்சாமியே குறிப்பு எழுதி மேலே அனுப்பியிருந்தார். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் முடிவு.

கூட்டத்துக்கு முன் ஊர்ஜிதம் செய்துகொள்ளலாமே என்று, பெயரையும் விலாசத்தையும் மறைத்து, வீட்டுக்கு ஒரு குறியீடு மட்டும் இட்டு, எல்லாப் பதிவுகளையும் அலுவலகத்தின் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்தார். மூன்று பேர் இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டிய வேலை. இவர் டீ வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் அத்தனையையும் கேட்டு, வகை பிரித்து வைத்திருந்தது. நர்ஸ் தாமதம் ஒரு குவியல், கட்டணம் ஒரு குவியல், அடிக்கடி ஆள் மாறுவது ஒரு குவியல். கடைசியில், பொத்தானை எடுப்பது சரி என்றும் சொல்லியிருந்தது. ஏன்சாமி அதன் வேகத்தில் வியந்து, கப்பை வாயருகே பிடித்தபடி அப்படியே நின்றார்.

பக்கத்து நாற்காலியில் இருந்த, செயலியில் பிழை தேடும் டெஸ்டிங் பெண் எட்டிப் பார்த்தாள். 'உணவும் உபசரிப்பும்' என்ற தலைப்பின் கீழ் ஒற்றைப் புகார் அநாதையாக நின்றது: 'ஆறிப்போச்சு.'

"அண்ணா, நாம எப்ப ஹோட்டல் ஆரம்பிச்சோம்?"

"எனக்கே தெரியாம நடக்குது பாரு," என்று அவரும் சேர்ந்து சிரித்தார்.

மறுநாள் சனிக்கிழமை காலை குடும்பத்தோடு மச்சினி வீட்டு விருந்துக்குக் கிளம்பினார். கதவைப் பூட்டும்போது மகளிடம், "எல்லாம் எடுத்தாச்சா?" என்றார்.

"எடுத்தாச்சுப்பா."

"அப்படிக் கேட்டா அப்படித்தான் சொல்லுவா," என்றாள் மனைவி. மகள் பக்கம் திரும்பினாள். "எதைடி விட்டுட்டே?"

மகள் விழித்தாள். "கண்ணாடிம்மா!" என்று உள்ளே ஓடினாள்.

"கேக்கத் தெரியணும்," என்றாள் மனைவி. "ஊரெல்லாம் ஏன் ஏன்னு கேட்டு என்ன பிரயோஜனம்?"

ஏன்சாமிக்குச் சுருக்கென்றது. விருந்து முழுக்க அவர் வேறெங்கோ இருந்தார்.

திங்கட்கிழமை வந்ததும் முதல் வேலையாகச் செயற்கை நுண்ணறிவிடம் எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னார். செயலியைப் பயன்படுத்துவது யார், எந்தக் குறியீட்டு வீட்டில் என்ன உபாதை, எந்த முடிவு தொங்கிக்கொண்டிருக்கிறது எல்லாம். பிறகு எழுதினார்: 'பொத்தானை எடுக்கலாம் என்று எழுதியது நான்தான். அதற்காக எனக்கு ஒத்து ஊதாதே. எதை விட்டுவிட்டாய்? தெரிந்ததைத் தெரிந்தது என்று சொல், ஊகத்தை ஊகம் என்று சொல்.'

பதில் வந்தது. 'சொற்கள் இல்லாத பதிவுகளை வெற்றுச் சத்தம் என்று ஒதுக்கிவிட்டேன். அவற்றில் பெரும்பாலானவை பக்கவாத நோயாளிகள் இருக்கும் வீடுகளிலிருந்து வந்தவை. ஒரே வீடுகள் திரும்பத் திரும்பப் பதிவு செய்திருக்கின்றன. இது தெரிந்தது. காரணம் தெரியாது. ஒரு மனிதர் கேட்டுப் பார்ப்பது நல்லது. அதிகப் பதிவுகள் உள்ள வீட்டைத் தேதி வரிசையில் அடுக்கித் தருகிறேன்.'

டெஸ்டிங் பெண் ஒரு காதிலும் இவர் ஒரு காதிலும் இயர்போனை மாட்டிக்கொண்டார்கள்.

முதலில் மூச்சு மட்டும். அப்புறம் தொண்டையில் ஏதோ உருள்வது போல ஒரு "ஆ..." கட்டில் கம்பி கிறீச்சிட்டது. அடுத்ததும் "ஆ..." அதற்கடுத்ததும் அதேதான்.

"வலியில முனகறாங்களா அண்ணா?" அவள் முகம் மாறிவிட்டது.

"பொறு."

பதிவுகளில் வாரங்கள் உருண்டன. "ஆ... ழ்." பிறகு பல நாள் வெறும் மூச்சு. பிறகு "ஆ... றி." அதைச் சொல்லி முடித்ததும் ஒரு பெரிய மூச்சு, மூட்டையை இறக்கி வைத்தது போல. வரிசையின் கடைசியில், போன வாரத்துப் பதிவு: "ஆறி... ப்போச்சு."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹோட்டல் என்று சிரித்தார்களே, அதே புகார். ஒரு மனிதர் மாதக்கணக்காக ஒரே சொல்லைப் படிப்படியாக ஏறியிருக்கிறார். ஏறி முடித்த சொல்லை இயந்திரம் உபசரிப்புக் குறையில் சேர்த்தது, இவர்கள் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். இத்தனை ஆயிரம் பதிவுகளுக்கு நடுவே ஒரு குரலின் பாதையை நொடியில் கோத்துக் கொடுத்த இயந்திரம் ஒரு பக்கம். யாரும் கேட்காத பொத்தானிடம் நாள் தவறாமல் போராடிய அந்த மனிதர் இன்னொரு பக்கம். எதைப் பார்த்து வியப்பது என்று ஏன்சாமிக்குத் தெரியவில்லை.

குறியீட்டைச் சேவைப் பிரிவில் கொடுத்து, அந்த வீட்டுக்குப் போகும் பிசியோதெரபிஸ்டைப் பிடித்தார். அவர் சாதாரணமாகச் சொன்னார்: "லாரி டிரைவர் சார் அவரு. பேச்சு போயிடுச்சு. வீட்டம்மா முன்னாடி திக்கறதுக்கு வெக்கம். அந்தம்மா டீ வச்சிட்டு அடுப்படிக்குப் போனதும் உங்க பட்டனை அழுத்திப் பழகுவாரு. நம்ம பேஷண்ட்ல பல பேரு அப்படித்தான். அது நடுவுல பேசாது, வார்த்தையை முடிச்சும் குடுக்காது, பொறுமையாக் கேக்குதுல்ல?"

"பதிவுகளைக் கூட்டத்துல போட்டுக் காட்டலாமா? அவரைக் கேட்டுச் சொல்றீங்களா?"

மாலையில் பதில் வந்தது. டிரைவர் தலையாட்டிவிட்டார், வீட்டம்மாதான் அழுதாளாம். "டீ ஆறிப்போச்சுன்னு என்னைத் திட்டத்தானா இவ்வளவு பாடு பட்டாரு?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாளாம்.

வெள்ளிக்கிழமை ஏன்சாமி வரைபடம் எதுவும் காட்டவில்லை. பதிவுகளை வரிசையாக ஓடவிட்டார். நடுவில் யாரோ செல்போனைக் கவிழ்த்து வைத்தார்கள். கடைசிச் சொல் முடிந்ததும், கூட்டத்தை நடத்திய மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"பட்டனை எடுக்கணும்னு எழுதினது நீங்கதானே?"

"நான்தான் மேடம். வாபஸ் வாங்கிக்கறேன். கேக்காம எழுதிட்டேன்."

"பட்டன் இருக்கட்டும்." கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, "நடுங்கற கை அழுத்துது. இன்னும் பெரிசாக்குங்க," என்றார்.

அன்று சாயங்காலம் அப்பா போனில் வந்தார். "இன்னைக்கு என்னடா செஞ்சே?"

"ஒண்ணும் செய்யலப்பா. ஒண்ணை எடுக்க வேண்டாம்னு சொன்னேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்..." அதற்கு மேல் ஏன்சாமிக்குக் குரல் எழும்பவில்லை. அப்பாவும் அவசரப்படுத்தாமல் மறுமுனையில் காத்திருந்தார்.