லியாங்குக்காக எழுதிய ஏழு வரி

1. கேட் முன்னால்

காலை ஆறு மணி நாற்பது நிமிடம். முதலில் கண்ணில் பட்டது கவிழ்ந்து கிடந்த ஒரு மஞ்சள் ஹெல்மெட். அதற்கு இரண்டடி தள்ளி ஒரு ஆள் குப்புற விழுந்து கிடந்தார். வலது கை உடம்புக்கு அடியில் மடங்கியிருந்தது. முகம் என் பக்கம் திரும்பியிருந்தது. கண் பாதி திறந்திருந்தது. கீழ் இமையில் ஒரு எறும்பு ஊர்ந்தது. இமை அசையவில்லை.

ஸ்கூட்டரைச் சுவரில் சாய்த்துவிட்டு ஓடினேன். "ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சா?" என்று கத்தினேன். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற ஏழுமலை என் கையைப் பிடித்து நிறுத்தினார். பாய்லர் மேல் கனமான உருப்படிகளைக் கயிறு கட்டி ஏற்றும் கலாசிக் குழுவின் ஃபோர்மேன் அவர். வடலூர்க்காரர்.

"யக்கா, கிட்ட போவாதீங்க. டிராமா நடந்துகினு இருக்குது."

பாதுகாப்பு வாரம். பெல்ட் மாட்டாமல் உயரத்தில் ஏறியவன் விழுந்து சாகிற நாடகத்தை, நெய்வேலியில் புதிய அனல் மின் அலகு கட்டிய ஒப்பந்த நிறுவனத்தின் தொழிலாளர்களே ஷிஃப்ட் மாறும் நேரத்தில் போட்டார்கள். அதைச் சின்னச் செய்தியாக எழுதத்தான் பத்திரிகை என்னை அனுப்பியிருந்தது. அது எனக்கு மறந்துபோகும் அளவுக்கு அந்த ஆள் செத்துக் கிடந்தார்.

செத்தவனின் மனைவியாகச் சேலை கட்டியிருந்த வெல்டர், மாரில் அடித்துக்கொண்டு அழவேண்டிய இடத்தில் சிரித்துவிட்டார். கூட்டத்தில் ஒருவர், "யோவ், செத்தவன் ஒயுங்கா சாவுறான்யா, உனுக்கு அழ வரலியா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். செத்தவர் மட்டும் சிரிக்கவில்லை. என் கைக்கடிகாரப்படி பதினோரு நிமிடம் அப்படியே கிடந்தார். நாடகம் முடிந்ததும் எழுந்து, இமையைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"ரெண்டு எடத்துல கடிச்சிடுச்சி மேடம்."

அப்போதுதான் அவர் சீனர் என்று கவனித்தேன்.

2. பிணத்தின் மூச்சு

பெயர் ஃபெங் லியாங். வயது முப்பத்து நான்கு. பாய்லரை ஓட்டிக் காட்ட வந்த சீன நிபுணர்களுக்கு மொழிபெயர்ப்பாளர். வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. நிபுணர்களிடம் சீனம், இன்ஜினியர்களிடம் ஆங்கிலம், கலாசிகளிடம் தமிழ். அந்தத் தமிழை ஏழுமலையிடம் கேட்டே பிடித்திருந்தார். ஏழுமலை பேச்சுக்கு நடுவே எங்கே இருமுவாரோ, அங்கே லியாங்கும் இருமினார்.

கேன்டீனில் அவருக்கும் ஏழுமலைக்கும் டீ வாங்கிக்கொடுத்துக் கேட்டேன்.

"இந்த மாதிரி சாவ எங்க கத்துக்கிட்டீங்க?"

"வேல மேடம். பதினோரு வருஷம் அதான் வேல."

ஷான்சி மாகாணத்தில் ஒரு நிலக்கரிச் சுரங்க ஊர் அவருடையது. அப்பா சுரங்கத் தொழிலாளி. நெய்வேலி மாதிரியே குவார்ட்டர்ஸ், ஷிஃப்ட் சங்கு எல்லாம் அங்கேயும் உண்டு. பத்து வயதில் இசை நாடகப் பள்ளியில் சேர்த்தார்கள். விடிவதற்கு முன் எழுந்து சுவரோடு தலைகீழாக நிற்க வேண்டும். வாத்தியார் சொல்லும்வரை இறங்கக் கூடாது. பாட்டுக் குரலுக்காக எடுத்த பையன் அவர். பதினைந்தில் குரல் உடைந்தது. உடைந்தது திரும்பச் சேரவில்லை. பள்ளி அவரைக் கரணம் போடும் போர்வீரர் வரிசைக்கு மாற்றியது.

பத்தொன்பதில் படப்பிடிப்பு நடக்கும் ஒரு பெரிய ஊருக்குப் போனார். அங்கே தினமும் காலையில் நூற்றுக்கணக்கானவர்கள் கேட்டில் நிற்பார்களாம். ஆள் எடுப்பவர் வந்து, "நீ, நீ, நீ" என்று கைகாட்டுவார்.

"நம்ம கான்ட்ராக்ட் லேபரு மாரியே" என்றார் ஏழுமலை.

"அதே மாரிதான் அண்ணே. எனக்கு மட்டும், 'நீ சாவு'ம்பாங்க."

அம்பு பட்டு, வாள் பட்டு, வெள்ளத்தில், பஞ்சத்தில் செத்திருக்கிறார். கேமரா எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்க விலாவில் மூச்சு விட வேண்டும் என்று விளக்கினார். ஒரு படத்தில் மட்டும் கோட்டைக் காவலன். குதிரையில் வரும் தளபதியிடம், "கதவைத் திறக்க உத்தரவு இல்லை" என்று சொல்ல வேண்டும். குதிரை நிற்காததால் ஒன்பது முறை எடுத்தார்கள். ஒன்பது முறையும் தன் வசனம் சரியாக இருந்தது என்றார். அதைச் சீனத்தில் எங்களுக்குச் சொல்லிக் காட்டினார். மேசை துடைத்துக்கொண்டிருந்த அம்மா துணியைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டார்.

முதுகில் அடிபட்ட பிறகு ஆங்கிலம் படித்து இந்த வேலைக்கு வந்ததாகச் சொன்னார். அவர் பெயர் எந்தப் படத்திலும் வந்ததில்லை.

3. தலைப்பு

செய்தியை நன்றாகவே எழுதினேன். அதில்தான் தப்பு செய்தேன். நாடகம், இமையில் எறும்பு, இசைப் பள்ளி, சினிமா என்று வளர்த்துக்கொண்டு போய், பெயர் வராத நடிகர், பெரும்பாலும் பிண வேடம் என்பதைக் கடைசிப் பத்திக்கு வைத்தேன். படிப்பவர் மனதில் நிற்கட்டும் என்று. அன்று பக்கத்தில் ஒரு விளம்பரம் கூடுதலாக வந்தது. கடைசிப் பத்தி போயிற்று. மிச்சத்தைப் படித்த, செய்திகளை வெட்டித் தலைப்பு வைக்கும் டெஸ்க், 'நெய்வேலியில் பிரபல சீன நடிகர்!' என்று தலைப்புப் போட்டுவிட்டது.

செய்தி வந்ததற்கு மறுநாள் காலை எட்டரைக்கு ஒப்பந்த நிறுவனத்தின் ப்ராஜெக்ட் மேனேஜர் ஜெயசீலன் போனில் கூப்பிட்டார்.

"மேடம், நீங்க எழுதிட்டு நிம்மதியா இருக்கீங்க. இங்க கேட்டுல செல்ஃபி எடுக்க ஆளு நிக்குது. அது பரவால்ல. அவரு விசா மொழிபெயர்ப்பாளர் விசா. இங்க படம் நடிக்க வந்திருக்காரான்னு கடலூர்ல வெளிநாட்டவர் பதிவு ஆபீசுலேர்ந்து விசாரணை. எங்க ஹெட் ஆபீசு, 'வெள்ளிக்கிழமைக்குள்ள தெளிவாகலன்னா அனுப்பிடுங்க'ன்னுட்டாங்க. நீங்க மறுப்பு போடணும்."

செய்தி ஆசிரியருக்கு போன் செய்தேன். பழக்கமான குரலில் சொன்னார்: "சம்பந்தப்பட்டவர் கையெழுத்தோட கடிதம் வாங்குங்க. திருத்தம் ஏழு வரி. போட்டோ கிடையாது. இடம் இல்லன்னா கீழேர்ந்து வெட்டுவேன். அப்புறம் என்கிட்ட வந்து நிக்காதீங்க."

4. கையெழுத்து

செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு ஜெயசீலன் அறையில் உட்கார்ந்தோம். கடிதத்தை அவரே டைப் செய்து வைத்திருந்தார். லியாங்குக்குத் தமிழ் படிக்க வராது. ஏழுமலை உரக்கப் படித்தார்.

"'நான் நடிகன் அல்ல. பத்திரிகையில் வந்த செய்தி தவறு. இப்படிக்கு.' அவ்ளோதான்பா. போட்டுக் குடுத்துட்டு வா, பாய்லர்ல தண்ணி ஏத்திப் பாக்குற ஹைட்ரோ டெஸ்டு நிக்குது."

லியாங் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். திரும்பவும் மூடினார்.

"இத மாத்துங்க சார்."

"எத மாத்தணும்? ரெண்டு வரிதான் இருக்கு."

"மொத வரிய."

ஜெயசீலன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். அவர் கெட்டவர் இல்லை. லியாங் போய்விட்டால் பாய்லர் டெஸ்ட் நின்றுவிடும் என்ற கவலை அவருக்கு. "தம்பி, நீயே சொல்லிட்ட. பேரு வரல, பொணமாதான் கெடந்தேன்னு. அதுக்கு எதுக்குப்பா இவ்ளோ ரோஷம்? வேல போயிடும்."

"எங்கப்பா ஊரு பூரா சொல்லிக்கினு இருக்காரு சார், எம்புள்ள நடிகன் இல்ல, சும்மா சினிமாக்காரன் பின்னாடி சுத்துனவன்னு. அவரு சொன்னா ஒருத்தரு. நானும் கையெழுத்துப் போட்டா ரெண்டு பேரு ஆயிடும்."

ஏழுமலை கடிதத்தை மேசையில் கவிழ்த்து வைத்தார். "சார், அந்த எறும்பு கடிச்சப்ப நானு பாத்தேன். இவன நடிகன் இல்லன்னு நான் படிச்சதே தப்பு."

"சரி, அப்ப ஃபிளைட் டிக்கெட் போடவா?" என்றார் ஜெயசீலன்.

அந்த நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. இரண்டு நாளாக இத்தனை பேர் பேசினோம். கடலூர் அலுவலகத்துக்கு என்ன வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. நிருபரான நானும் கேட்கவில்லை. அங்கிருந்தே போன் செய்தேன். எடுத்த அலுவலர் அலுத்துக்கொண்டார்.

"அவரு ஊர்ல என்ன வேஷம் கட்டுனாருன்னு எங்களுக்கு எதுக்கும்மா? இங்க வந்து வேற வேல பாத்து சம்பாதிச்சாரா, இல்லியா? அத எழுதிக் குடுங்க. அச்சுலயும் வந்துட்டா நல்லது."

போனை வைத்துவிட்டு ஜெயசீலனிடம் சொன்னேன். "இது போதும்னா எனக்கு ஒண்ணுமில்ல மேடம். ஆனா அது அச்சுல கண்டிப்பா இருக்கணும்" என்றார்.

5. ஏழு வரி

இப்போது இரண்டு விஷயம் அச்சில் வரவேண்டும். இங்கு வேறு வேலை செய்யவில்லை என்பது வராவிட்டால் அவர் வேலை போகும். நடிகர் என்பது வராவிட்டால் அவர் கையெழுத்துப் போடமாட்டார். எதைக் கீழே வைத்தாலும் வெட்டுப்பட வாய்ப்பு உண்டு. ஒருமுறை கீழே வைத்துத்தான் இந்த வினையே வந்தது.

"எது மேல இருக்கட்டும் லியாங்?" என்று கேட்டேன்.

பேனாவை என் பக்கம் தள்ளினார். "நீங்க எழுதுங்க மேடம். நான் கேக்குறேன்."

டெஸ்க் வாக்கியம் வாக்கியமாகத்தான் வெட்டும். பாதி வாக்கியத்தை வெட்டாது. ஆகவே ஒரே வாக்கியமாக எழுதினேன். நாலு தாள் கிழிந்தது. ஐந்தாவதை ஏழுமலை படித்தார்:

"'நெய்வேலியில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றும், அப்பணி தவிர இங்கு வேறெந்த வேலையும் செய்யாத திரு. ஃபெங் லியாங், சீனாவில் பதினோரு ஆண்டுகள் பெரும்பாலும் வசனமற்ற வேடங்களிலும், ஒரு படத்தில் ஒரு வசனத்துடனும் நடித்த நடிகர்; அவரைப் பிரபலமானவர் என்று குறிப்பிட்டது எமது தவறு.' யக்கா, மூச்சு வாங்குது!"

"வாங்கட்டும்" என்றேன்.

லியாங் இன்னொரு முறை படிக்கச் சொன்னார். 'ஒரு வசனத்துடனும்' என்ற இடத்தில் தலையை ஆட்டினார். பிறகு சம்மதம் என்று அந்தத் தாளிலேயே கையெழுத்துப் போட்டார். சீனத்தில் ஒன்று, அடியில் தமிழில் ஒன்று. தமிழ்க் கையெழுத்தை ஏழுமலை ஒரு சிமென்ட் மூட்டைத் தாளில் எழுதிக் கற்றுக்கொடுத்திருந்தார். லியாங்கின் முதல் எழுத்து கோணலாக வந்தது. ஜெயசீலன் அதன் பக்கத்தில் நிறுவன சீல் வைத்தார்.

முப்பத்தொரு வருடம் நிருபராக இருந்தேன். ஒரு ஆளைப் பற்றிய முக்கியமான உண்மையை முத்தாய்ப்புக்காகக் கடைசிப் பத்தியில் ஒளித்து வைப்பதை அந்த வாரத்தோடு நிறுத்தினேன். எந்தச் செய்தி அனுப்பினாலும், என்ன தலைப்பு வைத்தீர்கள் என்று டெஸ்க்குக்குப் போன் செய்து கேட்கும் வழக்கமும் அன்றுதான் தொடங்கியது. டெஸ்க்கில் எனக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள் என்று கேள்வி. கேட்பதை நிறுத்தவில்லை.

திருத்தம் வியாழக்கிழமை ஒன்பதாம் பக்கத்தில், குடிநீர் நிறுத்த அறிவிப்புக்குக் கீழே, ஏழு வரியும் முழுதாக வந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமையே கடலூரில் விசாரணையை முடித்தார்கள். லியாங் மேலும் பதினான்கு மாதம் நெய்வேலியில் வேலை பார்த்தார்.

திருத்தம் வந்த அன்று வடலூர் பேருந்து நிலையக் கடையில் அவர் ஐந்து பிரதி வாங்கினார். நான்கைத் தபாலில் ஊருக்கு, அப்பா பெயருக்கு அனுப்பினார்.