நூல்காரியின் இரண்டாவது அறிக்கை

தடயவியல் துறையில் பதினெட்டு வருஷமாக வேலை பார்த்த அவளுக்குப் போலீஸ்காரர்கள் வைத்த பெயர் நூல்காரி. சுவரில் தெறித்த ஒவ்வொரு ரத்தத் துளியிலிருந்தும் அது வந்த திசையைப் பார்த்து நூல் கட்டுவாள். நூல்கள் சந்திக்கும் இடத்திலிருந்துதான் ரத்தம் கிளம்பியிருக்கும். வீட்டிலும் அவள் கண் ஓயாது. மேஜையில் சிந்திய காப்பியைப் பார்த்தே யார் வேலை என்று சொல்லிவிடுவாள். "உன்கிட்ட ஒரு பொய் சொல்லிப் பொழைக்க முடியல" என்று வீட்டுக்காரர் சலித்துக்கொள்வார்.

ஒருநாள் ஒரு தையல்காரர் தன் சமையலறையில் மண்டை உடைந்து செத்துக் கிடந்தார். அன்று காலை அவரும் மனைவியும் போட்ட சண்டை தெருவுக்கே கேட்டிருந்தது. நூல்கள் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் சந்தித்தன. 'கீழே விழுந்தவரை அடித்திருக்கலாம்' என்று அறிக்கை எழுதிக் கொடுத்தாள். மனைவியைப் பிடித்து உள்ளே வைத்தார்கள்.

அதன்பிறகு அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கட்டையோ எதுவோ கொண்டு ஓங்கி ஓங்கி அடித்திருந்தால் மேற்கூரையில் ஒரு துளியாவது தெறித்திருக்க வேண்டாமா? மூன்றாம் நாள் இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நின்றாள்.

"அந்த வீட்டுச் சாவி வேணும், சார்."

"முடிஞ்ச கேஸை ஏம்மா கிளர்றீங்க?"

"எனக்கு முடியலையே, சார்."

லென்ஸை வைத்துச் சமையலறைச் சுவரை அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். காய்ந்த துளிகளுக்குள் பொடிப் பொடியாகக் குமிழிகள். மூச்சுக்காற்று கலந்த ரத்தம். மனிதர் படுத்தபடி, வாயில் இறங்கிய ரத்தத்தை இருமித் துப்பியிருக்கிறார். முதல்நாள் கூட்டம் மிதித்துப் போன நடைவழியில், கதவு மறைவில் மட்டும் நாலைந்து வட்டத் துளிகள் தப்பியிருந்தன. நடந்துகொண்டே சொட்டியவை. அவற்றின் போக்கிலேயே குளியலறைக்குப் போனாள். குழாயின் அடிப்பக்கத்தில் ரத்தத்தோடு ஒட்டிய நரைமுடி. வழுக்கி விழுந்து மண்டையை இடித்துக்கொண்டவர், தள்ளாடிச் சமையலறை வரை வந்து சாய்ந்திருக்கிறார்.

'என் முதல் முடிவு தவறு' என்றே இரண்டாவது அறிக்கையைத் தொடங்கினாள். மேலதிகாரி முகம் சுளித்தார். அவள் ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

விடுதலையான தையல்காரர் மனைவி ஒரு வாரம் கழித்து அலுவலகத்துக்கு வந்தாள்.

"நான் கோவத்துல மாடியில கதவைச் சாத்திக்கிட்டுப் படுத்திருந்தேன், மேடம். என்னைக் கூப்பிட்டிருப்பாரா?"

"தெரியலைம்மா. அதை என்னால கண்டுபிடிக்க முடியாது."

"அத்தனை நாள் என்னை உள்ள வச்சது உங்க எழுத்துதானாமே?"

"ஆமா. தப்பு என்னோடதுதான்."

அந்தப் பெண் கைப்பையை எடுத்துக்கொண்டாள். பிறகு, "திரும்பிப் போயாவது பாத்தீங்களே" என்று எழுந்து போனாள்.

நூல்காரியால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. அலமாரியைத் திறந்து, தான் எழுதிய பழைய அறிக்கைகளை ஒவ்வொன்றாகக் கீழே இறக்க ஆரம்பித்தாள்.