கச்சிமுகம்மது விரல் தூக்கிய ஆட்டம்

நிந்தவூர் கச்சிமுகம்மது மீன் லொறிக்காரர். கரையில் வாங்கும் மீனை ஐஸ் போட்டு அடுக்கி, மலைநாட்டுச் சந்தைகளுக்கு ஓட்டுவது அவருடைய பிழைப்பு. இரண்டு பெருநாளுக்கும்தான் லொறி முற்றத்தில் நிற்கும். இந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாளும் நின்றது. அவருக்குத்தான் நிற்க முடியவில்லை. கேற்றடிக்கும் அடுப்படிக்குமாக நடந்தார். பூட்டிக் கிடந்த லொறியைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி பூட்டினார். சும்மா இருந்து பழக்கமில்லாத மனிசன். கொஞ்சநஞ்சம் கிடைத்த ஓய்வையும் போன சில வருசமாகக் கோட்டுத் தவணை தின்றுவிட்டது.

கேஸ் இதுதான். கரையில் கிடந்த அதே ஊர் ஸஹீதின் மீன்பிடி வள்ளத்திலிருந்து எஞ்சின் களவு போனது. அதைக் கச்சிமுகம்மதின் லொறியில் ஏற்றக் கண்டதாக ஸஹீத் பொலிசில் சொன்னான். பள்ளிவாசல் முன்னால் சொன்னான், தேத்தண்ணிக் கடையிலும் சொன்னான். கோட்டில் குறுக்குக் கேள்வி கேட்டபோது மட்டும், சுபஹுத் தொழுகைக்கு முந்தின இருட்டு, முகம் தெரியவில்லை என்றான். பெருநாளுக்கு முந்தின கிழமை நீதவான் விடுதலை என்று சொல்லிவிட்டார். அன்றைக்குத்தான் கச்சிமுகம்மது வயிறு நிறையத் தின்றார்.

ஆனால் ஊர் இன்னும் விடுதலை தரவில்லை. யாரும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை, அதுதான் கரைச்சல். முந்தியென்றால் கடையில் கண்டதும் விளையாட்டாக வயிற்றில் குத்துவார்கள், மீன் நாற்றம் என்று மூக்கைப் பிடிப்பார்கள், கடன் கேட்டு அரியண்டம் செய்வார்கள். இப்போது ஸலாம் சொல்கிறார்கள். வாங்குப் பலகையில் நகர்ந்து இடம் தருகிறார்கள். தந்துவிட்டு, பேசிக்கொண்டிருந்த கதையை மெல்ல மழைக்கும் வயலுக்கும் திருப்பிவிடுகிறார்கள். இந்த மரியாதையைக் கண்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் மரியாதை தருகிறவனோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

அன்று பின்னேரம் மனைவி நதீராவுக்கே பொறுக்கவில்லை.

“போய் மெச்சையாவது பாருங்களேன். நீங்க நடந்து நடந்து ஊட்டுச் சீமெந்து தேயுது.”

கடற்கரை மைதானத்தில் நிந்தவூருக்கும் பக்கத்து ஊர் காரைதீவுக்கும் மென்பந்து கிரிக்கெட் ஆட்டம். காரைதீவில் மேனுஜா என்ற சின்னப் பிள்ளைக்கு இதயத்தில் ஓட்டை. ஒப்பரேசனுக்குக் காசு சேர்க்கத்தான் இது. இரண்டு ஊர்ப் பொடியன்களும் வாளியைத் தூக்கிக்கொண்டு சனத்துக்குள் திரிந்தார்கள். பெருநாள் உடுப்போடு வந்தவர்கள் புதுத் தாளாகப் போட்டார்கள். கச்சிமுகம்மதும் போட்டுவிட்டு, யாருக்கும் இடைஞ்சல் இல்லாத மூலையாகப் பார்த்து நின்றார்.

இந்த ஆட்டங்களில் அடிக்கிற பக்கத்து ஆள்தான் அம்பயராக நிற்க வேண்டும். நிந்தவூருக்கு நிற்க இருந்தவர் மச்சினி வீட்டில் புரியாணி தின்றுவிட்டு அங்கேயே குறட்டை விடுகிறாராம். வேறு ஆள் தேடிய காரைதீவுக் கப்டன் தனஞ்சயனின் கண் மூலையில் போய் விழுந்தது.

“காக்கா, நீங்க வந்து நில்லுங்க,” என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டான்.

“நான் கோட்டுப் படி ஏறி இறங்கின ஆள், தம்பி.”

“அப்ப நல்லம். இஞ்ச நிக்கிற ஆக்களுக்குள்ள விசாரிச்சு விட்ட ஆள் நீங்க மட்டும்தான். மத்த ஆக்கள இன்னும் விசாரிக்கல்ல.”

காரைதீவுப் பக்கம் சிரித்தது. நிந்தவூர்ப் பக்கம் மணலைப் பார்த்தது. கச்சிமுகம்மது சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு விக்கெட்டடிக்குப் போனார்.

கொஞ்ச நேரம் ஒரு கரைச்சலும் இல்லை. மறுகா ஒரு விக்கெட் விழ, மட்டையோடு வந்தவன் ஸஹீத்.

தனஞ்சயன் போட்ட பந்து ஸஹீதின் மட்டை விளிம்பில் உரசி, திசை மாறி, கீப்பரின் கைக்குள் போனது. கச்சிமுகம்மது தெளிவாகக் கண்டார். காரைதீவு முழுக்க அவரைப் பார்த்துக் கத்தியது. விரல் எழும்பவில்லை. தூக்கினால் பழி தீர்த்தான் என்று ஊர் சொல்லும். கேஸ் போட்டவனைக் கண்டதும் கை தானாக எழும்பியது என்று கடையில் இருந்து கதைப்பார்கள். தலையை ஆட்டினார்.

“நொட் அவுட்.”

தனஞ்சயன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கடலில் நிற்கிற வள்ளத்துக்கும் இந்தச் சத்தம் கேட்டிருக்குமே என்றான். எஞ்சின் களவில் கை படாத மனிசன், இப்போது பட்டப்பகலில் அவ்வளவு சனத்துக்கு நடுவில் ஒரு விக்கெட்டைக் களவெடுத்துவிட்டு நின்றார். காது சுட்டது.

ஸஹீத் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவரிடம் நடந்து வந்தான். வள்ளத்துக்கு வள்ளம் கூப்பிட்டுப் பழகிய தொண்டை அவனுக்கு. மெல்லக் கதைக்கத் தெரியாது.

“பட்டது, காக்கா. நீங்க கண்டீங்க.”

அவர் குனிந்து விக்கெட்டுக் கட்டையைச் சரிசெய்தார். ஸஹீத் விடவில்லை.

“நான் காணாதத்தக் கண்டன் எண்டு சொன்னன். நீங்க கண்டத்தக் காணல்ல எண்டு சொல்றீங்க. அண்டைக்கு நான் கண்டது ஒரு லொறி வெளிச்சம் மட்டும்தான். உங்கட லொறி எண்டு ஆத்திரத்துல நானாச் சேத்துட்டன். மாப் பண்ணுங்க. விரலத் தூக்குங்க.”

வாளி தூக்கித் திரிந்த பொடியன்களும் நின்றுவிட்டார்கள். கச்சிமுகம்மது விரலைத் தூக்கினார்.

“அவுட்டு. போ, அடுத்த ஆள் வரட்டும்.”

ஸஹீத் போனான். போகிற வழியில் அவனை யாரும் ஏசவில்லை. யாரோ தண்ணிப் போத்தலை நீட்டினார்கள்.

ஆட்டம் தொடர்ந்தது. இரண்டு மூன்று பந்து போயிருக்கும். அகலமாகப் போன ஒரு பந்துக்குக் கச்சிமுகம்மது கையை விரிக்க மறந்துவிட்டார். யோசனை அப்படி. நிந்தவூர்ப் பக்கமிருந்து, தேத்தண்ணிக் கடை றிஸ்மியின் குரல் கிளம்பியது.

“கச்சிக் காக்கா, ஐசுக்குள்ள கிடந்து கண்ணும் விறைச்சிட்டா?”

மைதானம் முழுக்கச் சிரித்தது. யாரும் அவர் என்ன நினைப்பாரோ என்று முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கவில்லை. வாய்விட்டுச் சிரித்தார்கள். கச்சிமுகம்மது இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டு திரும்பினார்.

“ஓம்டா, விறைச்சிட்டுத்தான். உன்ட கடத் தேத்தண்ணியக் குடிச்ச நாளிலயிருந்து.”

சிரிப்பு அடங்கும்வரை தனஞ்சயன் பந்தோடு காத்து நின்றான். கச்சிமுகம்மதும் அவனை அவசரப்படுத்தவில்லை.