பதினாறு பிள்ளைகளுக்கு எட்டுச் சேலை

வசந்தாமணி பி.ஏ. வரலாறு படித்தவள். பரமத்திக்குத் தெற்கே அவள் பிறந்த ஊரில் அந்த இரண்டு எழுத்தைப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்ட முதல் ஆள் அவள்தான். அவள் வீட்டிலோ எட்டாம் வகுப்பைத் தாண்டியவரே கிடையாது. படித்து முடித்த ஆறாம் மாதம் சொந்த லாரி ஓட்டிக்கொண்டிருந்த கந்தப்பனுக்குக் கட்டிவைத்தார்கள். மூன்றாம் வருடம், எண்பத்து நாலு ஐப்பசியில், நாக்பூருக்கு இந்தப் பக்கம் ஏதோ ஒரு வளைவில் லாரியும் போயிற்று, அவனும் போனான். பிள்ளை இல்லை.

அன்றைக்கு அவளுக்கு ஒன்பது சேலை வந்தது. கணவனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டுப் பக்கத்துச் சனம் புதுச்சேலை கொண்டுவந்து மேலே போர்த்துவார்கள். அதற்குக் கோடி போடுவது என்று பெயர். முதலில் அண்ணன் மயில்சாமி போட்டான். பிறகு பெரியப்பன் வீடு, சித்தப்பன் வீடு, மாமன் வீடு என்று ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தது. கோடிக்கென்று யாரும் பட்டு எடுப்பதில்லை. முரட்டு நூல் சேலைதான், சாயம் மட்டும் பளிச்சென்று இருக்கும். அந்த ஒரு நாள் போர்த்தியதோடு சரி, அப்புறம் அவளுக்கு வெள்ளை. வீட்டில் மற்றவர்களும் அதைத் தொட்டுக் கட்டமாட்டார்கள். ஒன்பதையும் மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்தாள். அன்றைக்கு அழுதாளா என்பது அவளுக்கே நினைவில்லை. தோளில் கிடந்த சேலைகளின் கனம்தான் நினைவில் இருந்தது.

அடுத்த ஆனியில் நாமக்கல்லை ஒட்டிப் புதிதாகத் தொடங்கியிருந்த விடுதிப் பள்ளியில் வார்டனாகச் சேர்ந்தாள். பள்ளியை நடத்தியவர் வெள்ளியங்கிரி என்ற கோழிப்பண்ணைக்காரர். கட்டில் ஒன்று, சன்னல் ஒன்று உள்ள அறை கொடுத்தார். அண்ணன் வீட்டிலும் அவளை யாரும் கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் அங்கே எல்லோரும் அவள் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டுதான் பேச்சைத் தொடங்குவார்கள். விடுதிப் பிள்ளைகள் அப்படிப் பார்ப்பதில்லை. தலைக்கு எண்ணெய் கேட்டார்கள், காணாமல்போன செருப்பைக் கேட்டார்கள். இந்த அறையை விட்டால் தனக்குப் போக்கிடம் இல்லை என்பதை அவள் வந்த முதல் வாரமே தெரிந்துகொண்டாள்.

எண்பத்தாறில் பள்ளியில் பரதநாட்டிய டான்ஸ் கிளாஸ் வைத்தார்கள். சேலத்திலிருந்து கமலவேணி டீச்சர் ஞாயிறுதோறும் பஸ்ஸில் வருவார். வார நாட்களில் பிள்ளைகளைப் பழக்க ஓர் ஆள் வேண்டும் என்று வசந்தாமணியையும் வரிசைக்குப் பின்னால் நிறுத்தி அடவு சொல்லிக்கொடுத்தார். அவள் வெள்ளைச் சேலையைக் கணுக்காலுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். அரைமண்டியில் உட்காரும் அளவுக்கு முட்டியை மடக்கியதே இல்லை.

முதல் நாள் பதினாறு பிள்ளைகளும் பதினாறு கோலத்தில் வந்தார்கள். ஒருத்தி தரை கூட்டும் பாவாடை. ஒருத்தி தீபாவளிக்கு எடுத்த சாட்டின் கவுன். நாலைந்து பேர் பள்ளிச் சீருடை. டீச்சர் ஒவ்வொருத்தியையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, முட்டி எங்கே போகிறது என்று தெரியாவிட்டால் நான் எதைத் திருத்துவது என்று கேட்டார். உள்ளே பைஜாமா, மேலே அம்மாவின் பழைய நூல் சேலையில் பாதி, முட்டிக்குக் கீழே இறங்காமல் இடுப்பில் இறுக்கிக் கட்டவேண்டும், அவ்வளவுதான் என்றார்.

வசந்தாமணி வீட்டுக்கு வீடு தபால் கார்டு எழுதிப் போட்டாள். சேலைகள் வந்தன. எல்லாம் வழவழவென்ற நைலெக்ஸும் பூனமும், ஒன்றுகூட நூல் இல்லை. காட்டு வேலைக்குக் கட்டுகிற நூல் சேலையைப் பிள்ளை ஆடுவதற்கு அனுப்பினால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று தாய்மார்கள் பெட்டியிலிருந்த நல்லதை எடுத்து அனுப்பியிருந்தார்கள். அடுத்த ஞாயிறு தட்டடவு பாதியில் இருக்கும்போதே ஒவ்வொன்றாக இடுப்பிலிருந்து வழுக்கிக் கீழே விழுந்தது. பிள்ளைகளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. டீச்சர் தட்டுக்கழியைக் கீழே வைத்துவிட்டார். வருகிற வாரமும் இப்படியென்றால் பஸ் ஏறமாட்டேன் என்று அவர் சொன்னதில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது.

அன்று சாயந்திரம் வசந்தாமணி டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். என்ன வேண்டும் என்று பரீட்சைக்கு விடை எழுதுவதுபோல மனசுக்குள் அடுக்கிக்கொண்டாள். நூலாக இருக்கவேண்டும். வழுக்கக்கூடாது. வியர்வை குடிக்கவேண்டும். தினமும் துவைத்தால் தாங்கவேண்டும். பெட்டியில் இருந்ததெல்லாம் அப்படித்தான் இருந்தது. ஒரு சேலைக்கு இரண்டு பிள்ளை. எட்டுச் சேலையைக் குறுக்கே வெட்டி ஓரம் மடித்துத் தைத்தாள். ஒன்பதாவது மயில்சாமி போட்ட நீலச் சேலை. பதினாறு பேருக்கு எட்டே போதும் என்பதால் அது பெட்டியிலேயே கிடந்தது.

அந்த வாரம் யார் இடுப்பிலிருந்தும் ஒன்றும் நழுவவில்லை. டீச்சர் இரண்டு மணி நேரம் நிற்காமல் நடத்தினார். இப்படி மூன்று வாரம் போயிற்று.

நாலாவது ஞாயிறு பெற்றோர் பார்க்க வரும் நாள். வசந்தாமணியின் பெரியப்பன் மகள் ராமாத்தாள், முறுக்கு டப்பாவோடு மகள் பரமேசுவைப் பார்க்க வந்தாள். பரமேசு கிளாசிலிருந்து அப்படியே ஓடிவந்தாள். கிளிப்பச்சைச் சேலை, அரக்குக் கரை. ராமாத்தாள் மகளைக் கட்டிக்கொள்ளப் போனவள் கையை எடுத்துவிட்டாள். கரையைத் தடவினாள். புதுத்துணி என்றால் மூலையில் மஞ்சள் வைத்திருக்கவேண்டும். மூலையைத் தேடிப் புரட்டினாள். மஞ்சள் இல்லை. திருச்செங்கோட்டுக் கடையில் அவளே பொறுக்கி எடுத்த சேலை அது.

"இது நா உனக்குப் போட்ட கோடி" என்றாள்.

"ஆமாங்க்கா."

"தெரிஞ்சேதான் எம்புள்ளைக்குக் கட்டியுட்டயா?"

வசந்தாமணி, நூல் சேலைதான் தோதாக இருந்தது, மற்றது வழுக்கியது, வெறும் துணிதானே என்றாள். தன் குரல் தனக்கே யாரோ பேசுவதுபோலக் கேட்டது. ராமாத்தாள் அங்கேயே மகளின் இடுப்பு முடிச்சை அவிழ்த்துச் சேலையை உருவினாள். பைஜாமாவும் ரவிக்கையுமாக நின்ற பரமேசு அழுதாள். மற்ற தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கினார்கள்.

"எத்தனை வெட்டுனே?"

"எட்டுங்க்கா."

"மயிலு போட்டது?"

"அது இருக்குது."

"வெறுந் துணிதானேன்னா அதை நீ எடுத்துக் கட்டியிருக்கலாமில்ல? என்னத்துக்குடி வெள்ளையக் கட்டீட்டு நின்னுக்கிட்டு எம்புள்ளைக்குச் சுத்தியுட்டே?"

வசந்தாமணி தரையில் கிடந்த கிளிப்பச்சைச் சேலையை எடுத்து மடித்தாள்.

வெள்ளியங்கிரி கத்தவில்லை. பதினாறு துண்டையும் வாங்கி வண்ணான் வீட்டுக்கே வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தனுப்பினார். கேட்டிருந்தால் கூட்டுறவுக் கடையில் நானே எடுத்துக் கொடுத்திருப்பேனே என்றார். பிறகு சொன்னார்: "ராமாத்தாக்கா புள்ளையக் கூட்டீட்டுப் போனா, பின்னாலயே பத்துப் பேரு போயிருவாங்கம்மா. அவங்க வர்ற ஞாயித்துக்கெழம முடிவு சொல்றாங்களாம். உன்னை வெச்சுக்கறதும் அனுப்பறதும் அவங்க சொல்லுலதான் இருக்குது."

அந்த ஒரு வாரம் அவள் எப்போதும்போலவே எண்ணெய் ஊற்றினாள், வருகைப் பதிவு எடுத்தாள், சோற்றுக்கு மணி அடித்தாள். கேட்டிருக்கலாம்தான். ஏன் கேட்கவில்லை? சிக்கனம் என்று சொல்லிக்கொண்டாள். அவளுக்கே நம்பிக்கை வரவில்லை. படித்தவள் இதையெல்லாம் பார்க்கக்கூடாது என்றா? அப்படியானால் அந்த நீலச் சேலையை ஏன் எடுக்கவில்லை? தன்மேல் விழுந்ததைப் பதினாறு சின்ன உடம்புகளில் பங்கு போட்டுவிட்டால் பெட்டி லேசாகிவிடும் என்று நினைத்தோமோ என்று ஒருமுறை தோன்றியது. ராமாத்தாள் கேட்டது நியாயம் என்பது மட்டும் கணக்குப்போல நேராகத் தெரிந்தது.

ஞாயிறு காலை நீலச் சேலையை எடுத்தாள். பதினைந்து பிள்ளைகளும் கூட்டுறவுக் கடையின் புதுச் சேலையில் மஞ்சள் வைத்த மூலையோடு வந்திருந்தார்கள். பரமேசுவை மட்டும் அம்மா வரும்வரை வாசலிலேயே உட்காரச் சொல்லியிருந்தார்கள். வசந்தாமணி பைஜாமாவின்மேல் சேலையை முட்டிவரை ஏற்றிக் கட்டி, முந்தானையைக் குறுக்கே இழுத்து இடுப்பைச் சுற்றிச் செருகிக்கொண்டு கூடத்துக்குள் வந்தாள். வரிசையில் ஒருத்தி, மிஸ்ஸுக்குக் காலு இருக்குதுடி என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

டீச்சர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இப்பத்தான் முட்டி தெரியுது. இத்தனை நாளா நீங்க தப்பா உக்காந்திருக்கீங்க" என்றார்.

தெய்யா தெய் என்று கழி விழுந்தது. வேகம் கூடி மூன்றாம் காலத்துக்குப் போகும்போது ராமாத்தாள் வாசலில் நிற்பதை வசந்தாமணி பார்த்தாள். நிறுத்தவில்லை. ராமாத்தாளும் கூப்பிடவில்லை. மகளைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடவு முடிந்ததும் வசந்தாமணி மூச்சிரைக்க வாசலுக்குப் போனாள்.

"மயிலுக்குத் தெரியுமா?" என்றாள் ராமாத்தாள்.

"இன்னும் தெரியாதுங்க்கா. தெரிஞ்சுரும்."

"ஊர்ல என்ன பேசுவாங்கன்னு தெரியுமா?"

"தெரியுமுங்க்கா."

ராமாத்தாள் மகளின் சடையைச் சரிசெய்தாள்.

"வெள்ளியங்கிரிகிட்ட நா சொல்லிக்கறேன். நீ இங்கயே இரு. எம்புள்ள படிக்கட்டும். ஆட வேண்டாம்."

"புதுச்சேலை எடுத்து வெச்சிருக்குதுங்க்கா, மஞ்சள் வெச்சு…"

"வேண்டாம்னா வேண்டாம். எம்மனசு கேக்காது."

ராமாத்தாள் ஆபீஸ் ரூம் பக்கம் நடந்தாள். பரமேசு திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். வேலை போகவில்லை, அறை போகவில்லை. வசந்தாமணி வாசலில் நின்றபடி நிம்மதி வருகிறதா என்று காத்திருந்தாள். முட்டி இரண்டும் கடுத்தன.

உள்ளே டீச்சர், இரண்டாவது வரிசையில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, வரிசை கோணலாகத் தெரிகிறது, நீங்களே வந்து நில்லுங்கள் என்றார். அவள் போய்ப் பத்து வயதுப் பிள்ளைகள் இருவருக்கு நடுவே, பரமேசு நின்ற இடத்தில் நின்று, முட்டியை மடக்கினாள். இன்னும் கீழே என்றார் டீச்சர். இன்னும் கொஞ்சம் மடக்கினாள்.