ஒயர் சொருகாத கிட்டார்

ஹைஸ்கூலுக்குப் போனதிலிருந்து என் மகள் என்னிடம் பேசுவது குறைந்துவிட்டது. சண்டை இல்லை, கோபமும் இல்லை. நான் தமிழில் நாலு கேள்வி கேட்பேன், அவள் இங்கிலீஷில் ஒரு சொல் சொல்வாள்.

"ஸ்கூல் எப்படிம்மா போச்சு? கெமிஸ்ட்ரி டெஸ்ட் என்னாச்சு? மத்தியானம் சாப்டியா?"

"ஃபைன்."

எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஃபைன். மனைவி இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "இந்த வயசுல நீங்க உங்க அப்பாகிட்ட என்ன பேசினீங்க?" என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். "கேட்டைப் பூட்டினியா?" என்று அவர் கேட்டதும் நான் "ம்" என்றதும்தான் நினைவுக்கு வந்தன. அதைச் சொல்லி என் கட்சியை நானே கெடுத்துக்கொள்வானேன் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹாலில் அவள் சத்தமாகச் சிரிப்பது கேட்டது. டிவியில் ஏதோ பழைய ராக் குழு. நான் பிறப்பதற்கு முன்பே உலகப் புகழ் அடைந்தவர்கள். எனக்கு அவர்களைப் பற்றித் தெரிந்ததெல்லாம் ஆபீஸில் யாரோ போட்டிருந்த டீ-ஷர்ட் மட்டுமே. என் மகள் ஸ்கூல் ஜாஸ் பேண்டில் பேஸ் கிட்டார் வாசிப்பவள், அவளுக்கு இவர்கள் தெய்வம். பக்கத்தில் உட்கார்ந்து, "என்னம்மா சிரிக்கிற?" என்றேன். ஃபைன் வரும் என்றுதான் நினைத்தேன். அவளோ வீடியோவை நிறுத்திவிட்டு விளக்க ஆரம்பித்தாள்.

அந்தக் காலத்து டிவி நிகழ்ச்சிகளில் குழுக்களை நிஜமாக வாசிக்க விடமாட்டார்களாம். ரெக்கார்டு ஓடும், இவர்கள் வாயையும் கையையும் அசைக்க வேண்டியதுதான். "அப்பா, லுக், ஒயரே இல்ல" என்று காட்டினாள். கிட்டாரிலிருந்து ஒயர் எங்கேயும் போகவில்லை. அந்தக் கடுப்பில் பாடகர் மைக்கைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். டிரம்மர் தாளத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் காற்றை அடித்துக்கொண்டிருந்தார். பிறகு, பல வருஷம் கழித்து ஒரு காமெடி நிகழ்ச்சிக்காரர்கள் விக் வைத்து இதே காட்சியைக் கிண்டல் செய்ததையும் போட்டுக் காட்டினாள். அதில் பாடகர் இரண்டு மடங்கு குதித்தார், டிரம்மர் நாற்காலியோடு விழுந்தார். பேஸ் கிட்டார்காரர் மட்டும் முதல் வீடியோவில் எப்படி நின்றாரோ அப்படியே இதிலும் நின்றார். கிண்டல் செய்ய அவரிடம் ஏதாவது இருந்தால்தானே?

உள்ளே கிரைண்டரில் மாவு ஓடி முடியும்வரை என் மகள் பேசினாள். எனக்கு அந்தக் குழுவின் மேல் கடுகளவும் அக்கறை கிடையாது. ஆனால் அந்தப் பேச்சு நிற்கக் கூடாதே என்று இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், ஏக்கமாகவே இருந்தது.

அந்த ஏக்கம்தான் அடுத்த வாரம் என்னை மாட்டிவிட்டது. தமிழ்ச் சங்கத்துத் தீபாவளி விழாவில் எங்கள் நண்பர் கூட்டம் ஏதாவது செய்ய வேண்டும் என்று பேச்சு வந்தபோது, "அந்த பேண்டு மாதிரி ஒண்ணு பண்ணலாமா?" என்று என் வாய் கேட்டுவிட்டது. கோயம்புத்தூர் நண்பர் அங்கேயே பாடகராகப் பதவியேற்றுக்கொண்டார். விழாப் பொறுப்பாளரான மேடம்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

"நம்ம மேடைல தமிழ்ப் பாட்டு மட்டும்தாங்க. ரூல்ஸ்."

"ஏனுங் மேடம், நாங்க பாடவே மாட்டமுங்க. வாயை மட்டும்தான் அசைப்பமுங்க" என்றார் நண்பர்.

மேடம் யோசித்தார். "அப்போ நகைச்சுவைல போட்டுடறேன்" என்றார். வாயசைத்தால் தமிழுக்குப் பங்கம் இல்லை என்று தீர்ப்பாயிற்று.

வேடங்களைப் பிரித்தபோது பேஸ் கிட்டாரை யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். கும்பலோடு கோவிந்தா போட எனக்குப் பிடிக்கும். வீட்டில் விஷயத்தைச் சொன்னேன்.

"சும்மா நிக்கணும், மூஞ்சில ஒண்ணும் காட்டக் கூடாது, அவ்வளவுதானே?" என்றாள் மனைவி. "கல்யாணத்துலேர்ந்து ரிகர்சல் பண்ணிட்டுதானே இருக்கீங்க."

மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்பா, நோ. ப்ளீஸ். என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் வருவாங்க" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். இந்த ஏற்பாடே அவளோடு பேசத்தான். கடைசியில் ஃபைனும் போய்விட்டது. ஆசை இருக்கிற அளவுக்கு அறிவு இருந்திருந்தால் அன்றே விலகியிருப்பேன். நானோ மாடிக்குப் போய்க் கதவைத் தட்டி, அவளுடைய பேஸைக் கடன் கேட்டேன்.

"சத்தமே வராதே. ரியல் ஒண்ணு எதுக்கு?" என்றாள்.

நியாயமான கேள்வி. மற்ற மூவரும் பார்ட்டி சாமான் கடையில் வாங்கிய பிளாஸ்டிக்கோடு திருப்தியாக இருந்தார்கள். நான் கையை நீட்டிக்கொண்டே நின்றேன். சுருதி சேர்க்கும் முறுக்காணிகளைத் தொடக் கூடாது என்ற கண்டிப்போடு கொடுத்தாள்.

உண்மைக் காரணத்தை அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. பாட்டை நிஜமாகவே வாசிக்கக் கற்றுக்கொண்டால், அதைப் பற்றி அவளிடம் கேட்க எனக்கு நாலு விஷயம் கிடைக்குமே என்று ஒரு கணக்கு. வீணையில் மெட்டு என்பதைக் கிட்டாரில் ஃப்ரெட் என்பார்கள், அதுவரை தெரியும். மற்றதை இணையத்தில் ஒரு வாத்தியார் வீடியோவில் பிடித்தேன். பேண்டில் வாசிக்க ஸ்கூலிலேயே ஒரு பேஸ் உண்டாம்; அவள் பிராக்டிஸுக்குப் போகும் நேரங்களில் கராஜில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து, காதில் ஹெட்போனைப் போட்டு, பாட்டை முழுச் சத்தத்தில் வைத்து வாசிப்பேன். என் கிட்டாரின் சத்தம் எனக்கே கேட்காது. அதனால் பிரமாதமாக வாசிப்பதாகவே தோன்றியது.

விழா சான்டா கிளாராவில் ஒரு பள்ளிக்கூட ஆடிட்டோரியத்தில் நடந்தது. ஹாலோவீன் முடிந்த மறுநாள் பாதி விலைக்குத் தள்ளிவிட்ட விக்குகளை வாங்கியிருந்தோம். கண்ணாடியில் பார்த்தால், முடி வளர்த்துவிட்டுத் திருப்பதிக்குப் போக மறந்தவர்கள் மாதிரி இருந்தோம். மகள் வரமாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தாள். "பேஸை யாரு பத்திரமா பாத்துக்கறது?" என்று முணுமுணுத்துக்கொண்டே கடைசி நிமிஷத்தில் காரில் ஏறினாள். உள்ளே போனதும் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

பாட்டு ஆரம்பித்தது. கோயம்புத்தூர் நண்பர் குதித்த குதியில் மேடைப் பலகை முனகியது. டிரம்மர் திட்டப்படி ஒருமுறை, திட்டமில்லாமல் ஒருமுறை விழுந்தார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நான் குனிந்து விரல்களையே பார்த்துக்கொண்டு, மனசுக்குள் எண்ணிக்கொண்டு வாசித்தேன்.

பாதியில் பாட்டு நின்றுவிட்டது. லேப்டாப் தூங்கிவிட்டதாம். மற்ற மூவரும் உறைந்து நின்றார்கள். எனக்கு அது தெரியவில்லை. என் தலைக்குள் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததால் நான் பாட்டுக்கு வாசித்துக்கொண்டே இருந்தேன். அரங்கம் முழுக்க நிசப்தம், நடுவில் சத்தமே வராத கிட்டாரை ஒரு வழுக்கைத் தலைக்காரன், விக் ஒரு பக்கம் சரிந்து, உயிரைக் கொடுத்து வாசித்துக்கொண்டிருக்கிறான். அன்றைக்கு வந்த சிரிப்பிலேயே பெரிய சிரிப்பு அதற்குத்தான். கடைசி நோட்டு வரை வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தபோதுதான் அது எனக்கான சிரிப்பு என்று புரிந்தது. காமெடிக்காரர்கள்கூட ஒன்றும் செய்யாமல் விட்ட பேஸ் கிட்டார்காரரை நான் கேலிப்பொருள் ஆக்கிவிட்டேன். கடைசி வரிசையைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

எங்கள் ஊர் பிளசன்டனுக்குத் திரும்பும்போது மனைவி காரை ஓட்டினாள். பக்கத்து சீட்டில் நான் விக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்னால் மகளும் அவள் பேஸும். ஃப்ரீவேயில் ஏறியதும் மகள் முன்னால் சாய்ந்தாள்.

"அப்பா."

"சொல்லும்மா." மன்னிப்புக் கேட்கத் தயாராக இருந்தேன்.

"நீ ஃபேக் பண்ணல. ஆக்சுவலா ப்ளே பண்ணின."

"உனக்கு எப்படித் தெரியும்? சத்தமே வரலையே."

"ஃபோன்ல ஜூம் பண்ணி உன் ஃபிங்கர்ஸ் பாத்தேன். எல்லா நோட்டும் கரெக்ட் ஆர்டர். பட் ஒரு ஃப்ரெட் தள்ளி. ஃபர்ஸ்ட் நோட்லேர்ந்து லாஸ்ட் நோட் வரைக்கும். ஹோல் சாங், அப்பா!"

மனைவி ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அத்தனை நாள் கராஜில் நான் அரிசி மூட்டைக்குக் கொடுத்த கச்சேரி முழுக்க அபஸ்வரம். அவமானப்பட்டிருக்க வேண்டும், ஆனால் நான் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருவர் குதிக்க, ஒருவர் விழ, ஊரே அவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது, முதல் நோட்டிலிருந்து கடைசி நோட்டு வரை இவள் என் கையை மட்டும் பார்த்திருக்கிறாள்.

"சரி, எங்க வெக்கணும்? காட்டு" என்றேன்.

இரண்டு சீட்டுகளுக்கும் நடுவில் பேஸின் கழுத்தை நீட்டினாள். நான் திரும்பி விரலை வைத்தேன். அதைப் பிடித்து ஒரு ஃப்ரெட் நகர்த்தி வைத்தாள். பிறகு அடுத்த நோட்டு, அதற்கடுத்தது, இந்த இடத்தில் ஏன் எல்லாரும் தப்பு செய்வார்கள், அந்தப் பேஸ் கிட்டார்காரர் இதில் என்ன செய்திருக்கிறார் என்று பேசிக்கொண்டே போனாள்.

எங்கள் ஊருக்குத் திரும்பும் எக்ஸிட் வந்தது, போயிற்று. மனைவி வண்டியைத் திருப்பவில்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை.